கழுத்து லேபிளும் பழுதான ஜிப்பும்: கடலுக்கு உகந்தவை எனப்படும் ஆடை நிறுவனங்கள் குறித்து ஒரு மதிப்புரை

நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஃபிலீஸ் (பஞ்சுபோல மென்மையான செயற்கைத் துணி) மேலங்கி ஒன்றின் கழுத்து லேபிளில் ஓர் அலையின் படமும், எறியப்பட்ட பிளாஸ்டிக் புட்டிகளிலிருந்து அந்த ஆடை தயாரிக்கப்பட்டது என்ற வாசகமும் இருந்தன. அந்த வாசகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஜிப்பின் பற்கள் பிடிப்பை இழந்தன. மாற்றித் தர இயலுமா என்று நிறுவனத்துக்கு எழுதியபோது, பழுதுபார்க்கும் வசதி தங்களிடம் இல்லை என்ற வருத்தமும், புதிய மேலங்கி வாங்குவதற்கான தள்ளுபடிக் குறியீடும் ஒரே மின்னஞ்சலில் வந்து சேர்ந்தன. புட்டிகள் குப்பைக்குப் போவதைப் பற்றி அவ்வளவு அக்கறையோடு எழுதியவர்களுக்கு, அந்தப் புட்டிகளால் ஆன மேலங்கி குப்பைக்குப் போவதில் மறுப்பு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகு ஆடை நிறுவனங்களைப் பார்க்கும் என் முறை மாறிவிட்டது. துணி எதனால் ஆனது என்பதை இரண்டாவது கேள்வியாகவும், அது பழுதானால் நிறுவனம் என்ன செய்யும் என்பதை முதல் கேள்வியாகவும் வைத்துக்கொண்டு, ‘நிலைத்தன்மை’ என்ற சொல்லோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் சில நிறுவனங்களையும், ஒரு நைலான் நூலிழையையும், ஒரு சலவைப் பையையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில், துணிக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. உலகில் 2023-இல் உற்பத்தியான நூலிழைகள் ஏறத்தாழ 12.4 கோடி டன். அதில் பாதிக்கு மேல் பாலியஸ்டர் மட்டுமே. பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகிய மூன்றும் நெகிழிகளே என்பதால், சலவை இயந்திரத்தில் அவை உரசும்போது கழன்று வரும் பிசிறுகள் நுண்நெகிழிகளாகவே சாக்கடைக்குள் செல்கின்றன. பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும். பாலியஸ்டரில் அது ஏறக்குறைய ஐந்து லட்சம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன என்றாலும், தப்பிச் செல்லும் சிறுபகுதியே எண்ணிக்கையில் மிகப் பெரியது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, கடலுக்குள் நுண்துகள்களாகவே சென்று சேரும் நெகிழியில் ஏறத்தாழ 35 விழுக்காடு செயற்கைத் துணிகளின் சலவையிலிருந்து வருவதாக மதிப்பிட்டது.

இதைப் படித்தவுடன் ‘அப்படியானால் பருத்திக்கு மாறிவிடலாம்’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உலகின் பல கடற்பகுதிகளில் மேற்பரப்பு நீரைச் சேகரித்து ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, அதில் கிடைத்த இழைகளில் சுமார் 8 விழுக்காடுதான் செயற்கையானவை என்றும், ஏறக்குறைய 80 விழுக்காடு பருத்தி, விஸ்கோஸ் போன்ற செல்லுலோஸ் (தாவரப் பொருளாலான) இழைகள் என்றும் கண்டறிந்தது. சாயமும் வேதிப்பூச்சும் ஏற்றப்பட்ட பருத்தி இழை, செடியிலிருந்து பறித்த பஞ்சைப்போல விரைவில் மக்கிவிடுவதில்லை. ஆகவே, இழையின் பெயரை மட்டும் வைத்து ஓர் ஆடையைக் கடலின் நண்பன் என்றோ பகைவன் என்றோ முடிவு கட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உருவாக்கப்படும் ஆடைகளின் எண்ணிக்கை குறைவதும், ஒவ்வொன்றும் நீண்ட காலம் உடுத்தப்படுவதும், குறைவாகத் துவைக்கப்படுவதும்தான் எல்லா இழைகளுக்கும் பொதுவாகப் பொருந்துகின்றன.

படகோனியாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தப் பேச்சு வரும் இடமெல்லாம் அந்தப் பெயர் வருகிறது. மலையேறுபவரான இவான் ஷுவினார் 1973-இல் தொடங்கிய இந்த அமெரிக்க நிறுவனம், 1993-இல் பிளாஸ்டிக் புட்டிகளிலிருந்து ஃபிலீஸ் தயாரிக்கத் தொடங்கியது. 1996-இல் தன் பருத்தி ஆடைகள் அனைத்தையும் இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்திக்கு மாற்றியது. 2011-இல், தள்ளுபடி விற்பனை உச்சத்தில் இருக்கும் நாளில், ‘இந்த மேலங்கியை வாங்காதீர்கள்’ என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அந்த விளம்பரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாங்காதே என்று சொல்வதும் விற்பனைக்கு உதவும் என்பது வியாபாரம் அறிந்தவர்களுக்குத் தெரியும். நான் மதிப்பது வேறொன்றை. நெவாடாவின் ரீனோ நகரில் இந்நிறுவனம் நடத்தும் பழுதுபார்ப்புக் கூடத்தில் ஜிப் மாற்றுவதும், கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதும், முழங்கை தேய்ந்த சட்டையைச் சரிசெய்வதும் அன்றாட வேலை. பழைய ஆடைகளைத் திரும்ப வாங்கிச் சீர்செய்து விற்கும் தனிப்பிரிவும் உண்டு. தன் பொருள் இரண்டாவது கையில் விற்கப்படுவதைத் தானே ஏற்பாடு செய்யும் நிறுவனம், அது பத்தாண்டுக்குப் பிறகும் உருப்படியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தன்மீதே சுமத்திக்கொள்கிறது.

குறையும் இருக்கிறது, சிறியதன்று. இந்நிறுவனத்தின் சரக்கில் பெரும்பகுதி பாலியஸ்டரும் நைலானும்தான். அதிலும் ஃபிலீஸ் என்பது துணியின் மேற்பரப்பைக் கம்பித் தூரிகையால் சீவி இழைகளைக் கிளப்பிப் பஞ்சுபோல ஆக்கப்பட்ட பின்னல். கதகதப்புக்குக் காரணமான அந்தச் சீவலே பிசிறு கழல்வதற்கும் காரணம். இதைச் சொன்னதும் அவர்களே என்பதைக் குறிப்பிடாமல் விட்டால் நியாயமாகாது. படகோனியாவின் ஆதரவோடு சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. செயற்கை இழை மேலங்கி ஒன்று ஒவ்வொரு சலவையிலும் சராசரியாக 1.7 கிராம் நுண்ணிழையை உதிர்க்கிறது என்றும், மேலிருந்து துணி போடும் இயந்திரங்களில் உதிர்வு முன்பக்கக் கதவு கொண்ட இயந்திரங்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் அது காட்டியது. தன் பெயரைப் பாதிக்கக்கூடிய அளவீட்டுக்குத் தானே பணம் கொடுத்த நிறுவனம் இந்தத் துறையில் அரிது. அதற்காக ஃபிலீஸின் உதிர்வு குறைந்துவிடாது என்பதும் உண்மை. இந்நிறுவனத்திடம் வாங்குவதென்றால், பருத்தி ஆடைகளையோ, சீவப்படாத இறுக்கமான நெசவில் அமைந்த மழைமேலங்கிகளையோ தேர்ந்தெடுப்பேன். ஃபிலீஸ்தான் வேண்டுமென்றால், அவர்களுடைய பழைய ஆடைப் பிரிவிலிருந்து எடுப்பேன்.

புட்டியைத் துணியாக்குவது பற்றி இங்கே ஒரு வார்த்தை. சந்தையில் உள்ள மறுசுழற்சிப் பாலியஸ்டரில் ஏறக்குறைய அனைத்தும் குடிநீர், பானப் புட்டிகளிலிருந்து வருகிறது. பழைய துணியிலிருந்து வருவது மிகச் சொற்பம். புட்டியை மீண்டும் புட்டியாக்கினால் அது பல சுற்றுகள் வரக்கூடும். அதையே சட்டையாக்கி, சாயமேற்றி, பருத்தியோடும், நீட்சி தரும் செயற்கை இழையான எலாஸ்டேனோடும் கலந்துவிட்டால், அடுத்த சுற்றுக்கு வழியில்லை. பழைய ஆடையிலிருந்து மீண்டும் ஆடையாகும் பொருள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் சொன்னது இன்றும் இந்தத் துறையின் மிகச் சங்கடமான எண். ஆகவே புட்டித் துணி என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஆடைக்கு மதிப்பெண் தருவதை நான் நிறுத்திவிட்டேன். பூமியிலிருந்து புதிதாக எண்ணெய் எடுப்பதை அது ஓரளவு தவிர்க்கிறது. அந்த அளவோடு பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். கடற்கழிவிலிருந்து செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் காலணிகளிலும் சட்டைகளிலும், பொருள் பெரும்பாலும் கடலுக்குள்ளிருந்து அன்றி, கடற்கரைகளிலும் கரையோர ஊர்களிலும் திரட்டப்பட்டது என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது. அதுவும் பயனுள்ள வேலைதான், ஆனால் லேபிளில் உள்ள ஆமையும் திமிங்கிலமும் வேறொரு காட்சியைக் காட்டுகின்றன.

எகோனில் (Econyl) என்ற நூல் இந்த வரிசையிலிருந்து வேறுபடுகிறது. இத்தாலிய நிறுவனமான அக்வாஃபில் 2011-இல் அறிமுகப்படுத்திய இந்த நைலான் நூல், ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் உள்ள ஆலையில், கைவிடப்பட்ட மீன்வலைகள், பழைய தரைவிரிப்புகள், தொழிற்சாலைக் கழிவுகள் ஆகியவற்றிலிருந்து உருவாகிறது. புட்டியைப்போல உருக்கி இழுப்பது இங்கே நடப்பதில்லை. நைலான்-6 அதன் மூலக்கூறான கேப்ரோலாக்டம் வரை பிரிக்கப்பட்டு, தூய்மைப்படுத்தப்பட்டு, மீண்டும் நைலானாகக் கட்டப்படுகிறது. அதனால் தரம் குறைவதில்லை, மீண்டும் அதே சுற்றில் வரவும் முடிகிறது. பசிபிக் பெருங்கடலின் மாபெரும் குப்பைத் திட்டில் எடையளவில் 46 விழுக்காடு மீன்வலைகள் என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டதை நினைத்தால், வலை ஒவ்வொன்றும் கடலில் கைவிடப்படாமல் ஆலைக்கு வருவது பொருளுள்ள செயல் என்பது விளங்கும். நீச்சலுடை நிறுவனங்கள் பல இந்த நூலைப் பயன்படுத்துகின்றன. இடையறாத நீளிழையை இறுக்கமாகப் பின்னுவதால் இத்துணி ஃபிலீஸ் அளவுக்கு உதிர்வதுமில்லை.

ஆனால் நீச்சலுடையின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எலாஸ்டேன் கலந்திருப்பது வழக்கம். முடிவில்லாமல் சுற்றி வரக்கூடிய நூலை, பிரிப்பதற்குக் கடினமான கலவையில் சேர்த்துவிட்ட பிறகு, அந்தச் சுற்று அங்கேயே நின்றுவிடுகிறது. நூலுக்கு முழு மதிப்பெண் தருவேன். அதை வைத்து ‘முடிவற்ற சுழற்சி’ என்று நீச்சலுடையில் எழுதுபவர்களுக்குத் தர மாட்டேன்.

ஜீன்ஸ் விஷயத்தில் இரண்டு நிறுவனங்கள் என் கவனத்தை ஈர்த்தன. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 2001-இல் தொடங்கப்பட்ட நூடி ஜீன்ஸ், தன் கால்சட்டைகளைக் கட்டணமின்றிப் பழுதுபார்த்துத் தருகிறது. அந்நிறுவனக் கடைகளில் விற்பனைக்கு அடுக்கப்பட்ட ஜீன்ஸ்களுக்கு அருகிலேயே தையல் இயந்திரம் இருப்பது ஓர் அலங்காரம் அன்று. தொடையிடுக்கில் தேய்ந்து கிழியும் இடம்தான் பெரும்பாலான ஜீன்ஸ்களின் ஆயுளை முடித்துவைப்பது, அந்த ஓரிடத்தை உள்ளிருந்து ஒட்டுவைத்து நெருக்கமாகத் தைத்துவிட்டால் மேலும் சில ஆண்டுகள் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடை எட்டாத தொலைவில் இருப்பவர்களுக்கு ஒட்டுத்துணியும் ஊசியும் நூலும் அடங்கிய சிறு பெட்டியை அனுப்புகிறார்கள். பயன்படுத்திய ஜீன்ஸைத் திரும்பப் பெற்று மறுபடி விற்கவும் செய்கிறார்கள். பருத்தி முழுவதும் இயற்கை வேளாண் பருத்தி. சாயமேற்றிய பின் அலசப்படாத டெனிமை முதல் ஆறு மாதங்கள் துவைக்காமல் உடுத்துங்கள் என்பது அவர்களுடைய புகழ்பெற்ற அறிவுரை. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது எளிதாக இருக்கவில்லை. வெயிலிலும் காற்றிலும் காயப்போட்டு, கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். ஆறு மாதம் என்பது என்னால் ஆகாத காரியம். நெகிழ்ச்சிக்காகச் சில வகைகளில் எலாஸ்டேன் சிறிதளவு சேர்க்கப்படுவது மட்டுமே இங்கே எனக்குள்ள ஆட்சேபம். அந்த வகைகளைத் தவிர்த்துவிட வாங்குபவரால் முடியும்.

நெதர்லாந்தின் மட் ஜீன்ஸ் வேறொரு வழியில் செல்கிறது. 2013 முதல் ஜீன்ஸை வாடகைக்கு விடுகிறார்கள்: மாதத் தவணை செலுத்தி ஓராண்டு உடுத்திய பின், அதை வைத்துக்கொள்ளலாம், வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது திருப்பித் தரலாம். திரும்பி வரும் ஜீன்ஸ் துண்டுதுண்டாக்கப்பட்டுப் பஞ்சாக்கப்பட்டு மீண்டும் நூலாகிறது. புதிய ஜீன்ஸில் இப்படிப்பட்ட பழைய பருத்தி பெரும்பாலும் நாற்பது விழுக்காடு வரைதான் இருக்கும். இயந்திரம் பழைய துணியைக் கிழிக்கும்போது இழைகள் குட்டையாகிவிடுவதால், நீளமான புதிய இழையோடு கலக்காமல் உறுதியான நூல் கிடைக்காது. இந்த வரம்பை மறைக்காமல் சொல்வதால் அவர்களுடைய மற்ற கூற்றுகளையும் நம்பத் தோன்றுகிறது. இடுப்பில் தோல் லேபிளுக்குப் பதிலாக அச்சிட்ட குறி மட்டுமே இருப்பது கவனிக்கத்தக்க சிறு சாமர்த்தியம், ஏனெனில் கிழிப்பதற்கு முன் அகற்ற வேண்டிய பொருளில் ஒன்று குறைகிறது. எனினும் வாடகை முறை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி, நன்றாக இருக்கும் ஜீன்ஸையும் அலுப்புக்காக மாற்றத் தூண்டக்கூடும். வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு எடுப்பவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

பெருஞ்சந்தை நிறுவனங்களின் ‘பசுமை’ வரிசைகளைப் பற்றி விரிவாகப் பேச அதிகமில்லை. நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் 2022-இல் விசாரித்த பிறகு, எச் அண்ட் எம் ‘கான்ஷியஸ்’ என்ற சொல்லையும், டெகத்லான் ‘எகோடிசைன்’ என்ற சொல்லையும் தெளிவான விளக்கமின்றிப் பயன்படுத்துவதைத் திருத்திக்கொள்வதாக உறுதியளித்தன. பிரிட்டனின் போட்டி ஆணையம் ஏசாஸ், பூஹூ, ஜார்ஜ் ஆகிய மூன்று ஆடை விற்பனை நிறுவனங்களிடமிருந்து இத்தகைய உறுதிமொழிகளை 2024-இல் பெற்றது. கடை வாசலில் பழைய துணி போடும் பெட்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: அந்தப் பெட்டியிலிருந்து துணி எங்கே போகிறது? கானா நாட்டின் அக்ராவில் உள்ள கண்டமாண்டோ சந்தைக்கு வாரந்தோறும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பழைய ஆடைகள் வந்து இறங்குவதாகக் கணக்கிடப்படுகிறது. விற்க முடியாதவற்றில் ஒரு பகுதி வாய்க்கால்கள் வழியே கடலில் விழுந்து, அலைகளால் முறுக்கப்பட்டு, கயிறுபோல மணலில் புதைந்து கிடக்கிறது. இப்படி உருவாகும் கடல்மாசுக்கு இழைகளை எண்ண நுண்ணோக்கி தேவையில்லை.

சான்றிதழ்களில் எதை நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இது. இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான உலகத் தரச்சான்றான ஜி.ஓ.டி.எஸ். (GOTS) முத்திரை, இழையில் குறைந்தது 70 விழுக்காடாவது இயற்கை வேளாண் விளைச்சலாக இருக்க வேண்டும் என்று கோருவதோடு, சாயத்தையும் கழிவுநீரையும் தொழிலாளர் நிலையையும் சேர்த்துப் பார்க்கிறது. நான் தேடும் முத்திரை இதுவே. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பதைச் சுற்றுச்சூழல் சான்றிதழாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது முடிந்த துணியில் உடலுக்குத் தீங்கான வேதிப்பொருள் எஞ்சியிருக்கிறதா என்று சோதிப்பது. ஆலையிலிருந்து ஆற்றுக்கு எது போனது என்று அது கேட்பதில்லை. இவற்றில் எதுவும் ஆடை எத்தனை சலவை தாங்கும் என்பதைச் சொல்வதில்லை. அதற்கு நான் கடையில் செய்யும் சோதனை எளியது: ஆடையை உட்புறமாகத் திருப்பி, தையல் ஓரம் எவ்வளவு அகலமாக விடப்பட்டிருக்கிறது, உதிரிப் பொத்தான் இருக்கிறதா, ஜிப்பை அவிழ்த்து மாற்றும்படி தைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

கடைசியாகச் சலவைப் பை. ஜெர்மனியில் உருவான கப்பிஃபிரெண்ட் என்ற இந்தப் பையில் செயற்கைத் துணிகளைப் போட்டு மூடி, அப்படியே இயந்திரத்தில் இட வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் துணி புரள இடமிருக்காது. முதல் மூன்று நான்கு சலவைகளில் ஒன்றும் தென்படாமல் ஏமாந்தேன். பின்னர்தான் பையின் மூலை மடிப்பில், என் மேலங்கியின் அதே சாம்பல் நிறத்தில், விரல் நுனியளவு பிசிறு திரண்டிருந்ததைக் கண்டேன். அதைக் கையால் எடுத்து மூடிய குப்பைக்கூடையில் போட வேண்டும்; குழாயடியில் அலசினால் செய்த வேலை அத்தனையும் வீண். பிளிமத் பல்கலைக்கழகம் 2020-இல் இத்தகைய சாதனங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தப் பை வெளியேறும் இழைகளைச் சுமார் 54 விழுக்காடு குறைத்தது. இயந்திரத்தில் பொருத்தும் எக்ஸ்ஃபில்ட்ரா வடிகட்டி 78 விழுக்காடு குறைத்தது. பிரான்ஸ் 2020-இல் இயற்றிய சட்டம், 2025 ஜனவரி முதல் புதிய சலவை இயந்திரங்களில் நுண்ணிழை வடிகட்டி இருக்க வேண்டும் என்று விதித்ததன் காரணம் இந்த வேறுபாட்டில் புரிகிறது. பை பயனுள்ளதே, ஆனால் உதிரும் துணியை வாங்கி வைத்துக்கொண்டு பையை நம்புவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. கூடவே, மென்மையான துணிகளுக்கான சுற்றில் போட்டால் உதிர்வு குறையும் என்று நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தது தவறு என்பதும் தெரியவந்தது. அந்தச் சுற்றில் தண்ணீர் அதிகம் ஓடுவதால் இழைகள் கூடுதலாகக் கழல்கின்றன என்று நியூகாசில் பல்கலைக்கழகம் 2019-இல் காட்டியிருக்கிறது. நிறைந்த இயந்திரம், குளிர்ந்த நீர், குறுகிய நேரம் என்பதே இப்போது என் வழக்கம்.

ஒவ்வொரு தேவைக்கும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஜீன்ஸுக்கு நூடியையும், அதன் அலசாத, எலாஸ்டேன் கலவாத வகைகளையும் சொல்வேன். குளிருக்கான மேலங்கிக்குப் படகோனியாவின் பழைய ஆடைப் பிரிவு. நீச்சலுடை தேவைப்படுபவர்களுக்கு எகோனில் நூல், அதன் விளம்பரத்தை முழுதாக நம்பாமல். என் சாம்பல் நிற ஃபிலீஸை இன்னும் எறியவில்லை. ஒரு தையல்காரர் பழைய ஜிப்பைப் பிரித்தெடுத்து, பற்கள் தடித்த உலோக ஜிப் ஒன்றை அரை மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார். கழுத்து லேபிளில் இருந்த அலையின் படம் துவைப்பில் அழிந்துவிட்டது. ஜிப் சரியாகவே ஓடுகிறது.